வகுப்பு முடிந்த பிறகு

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதற்கென்று ஒரு வகுப்பறைகூடக் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வகுத்த ஏற்பாடு அது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. பரீட்சை வைப்பதும் பட்டம் தருவதும்தான் பல்கலைக்கழகத்தின் வேலை. சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் செனட் ஹவுஸை ராபர்ட் சிஷோம் கட்டி முடிக்கவே 1879 ஆகிவிட்டது. சொந்தமாகப் பாடம் நடத்தும் துறைகள் அடுத்த நூற்றாண்டில்தான் வந்தன. மாணவன் எங்கே தங்குவான், எதைச் சாப்பிடுவான், சாயங்காலம் யாரோடு உட்கார்ந்து பேசுவான் என்ற கேள்விகளுக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

1929இல் சிதம்பரத்தை ஒட்டி எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறு. விடுதிகளோடு சேர்ந்து ஓர் ஊராகவே அது உருவானது. அங்கே படித்தவர்களைப் பேசவிட்டால் ஹாஸ்டல் கதை வரும். சென்னையில் படித்தவர்களைப் பேசவிட்டால் பஸ் கதை வரும், பீச் கதை வரும், திருவல்லிக்கேணி மேன்ஷன் கதை வரும். பல்கலைக்கழகம் செய்யாமல் விட்ட பாதி வேலையை நகரம் எடுத்துச் செய்தது. சும்மா செய்யவில்லை, கூலி வாங்கிக்கொண்டுதான் செய்தது.

மேன்ஷன் அறையில் கட்டில் போக மிச்சமிருப்பது ஒரு பாய் அகலம். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே கட்டிய கொடியில் ஈர பனியன்கள், மூலையில் பெயின்டால் பெயர் எழுதிய பக்கெட், சுவரில் முன்பு இருந்தவர் ஒட்டிவிட்டுப் போன படிப்பு அட்டவணை. ஐந்து மணிக்கு எழுந்தால் பாத்ரூம் கிடைக்கும், ஆறு மணிக்கு எழுந்தால் வரிசை கிடைக்கும். இரண்டு பேர் பெயரில் எடுத்த அறையில் மூன்றாவது ஆள் தரையில் படுப்பது மேனேஜருக்குத் தெரியும். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பக்கத்து அறையில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் முப்பது வயதுக்காரர், எதிர் அறையில் சினிமாவில் வாய்ப்புத் தேடுபவர், அதற்கடுத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாத ஒரு குமாஸ்தா. இவர்களுக்கு நடுவே பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து விழுகிறான். கல்லூரி விடுதியில் அவனுக்குச் சம வயதுக்காரர்கள் மட்டும்தான் கிடைத்திருப்பார்கள். இங்கே தன் வாழ்க்கை எப்படியெல்லாம் போகக்கூடும் என்பதற்கு மாடிக்கு மாடி ஆட்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பயமுறுத்துகிற படிப்புதான்.

மேன்ஷனிடம் எனக்குப் பிடித்த குணம், அது துருவாது. அட்வான்ஸ் கேட்கும், ஆதார் நகல் கேட்கும், அதோடு சரி. அதே பையன் நாலு பேரோடு சேர்ந்து வாடகை வீடு பார்க்கப் போனால் விசாரணை வேறு மாதிரி இருக்கும்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்பார் வீட்டுக்காரர். ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னால், "அப்பா என்ன பண்றாரு? கவிச்சி எல்லாம் சமைப்பீங்களோ?"

இத்தனை கேள்வியும் எதைத் தெரிந்துகொள்ள என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். சென்னைக்கு வந்தால் ஊர் பின்னால் நின்றுவிடும் என்று நம்பி ரயில் ஏறியவன், யார் வீட்டு மாடிப்படியிலோ நின்று தன் தெருவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

இது வெளியூர்ப் பிள்ளைகள் பாடு. நகரத்தின் அரசுக் கல்லூரிகளில் பெருங்கூட்டம் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள்தான். வடசென்னைப் பேட்டைகளிலிருந்து பஸ்ஸில், கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் மின்சார ரயிலில். வகுப்பு முடிந்ததும் வளாகத்தில் நிற்க முடியாது. வாட்ச்மேன் விசில் ஊதிவிடுவார். நண்பனை வீட்டுக்கு அழைக்கலாம் என்றால் வீட்டில் இருப்பதே ஒரு அறை. அதில் அப்பா, அம்மா, தங்கை, டிவி. மிச்சம் இருப்பது பயணம். அந்தப் பயணத்தில்தான் பேசுகிறார்கள், பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக் கானா பாடுகிறார்கள், காதலைச் சொல்ல நண்பனைத் தூது அனுப்புகிறார்கள், அரியர் பேப்பருக்கு அழுகிறார்கள். ஒரே வழியில் வருகிறவர்களின் கூட்டமாக 'ரூட்டு' என்று ஒன்றும், அதற்குத் தலைவனாக ஒரு 'தல'யும் முளைத்தது இந்த மண்ணில்தான்.

செய்தித்தாளில் வருவது இதன் ஒரு முகம்: புட்போர்டில் தொங்குவது, பஸ் டே என்று கூரைமேல் ஏறுவது, வேறு கல்லூரி ரூட்டோடு மோதுவது. கத்தி எடுத்தவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இந்த மோதல்களில் உயிர் போயிருக்கிறது. ஆனால் பெற்றோரைக் கூட்டிவைத்து அறிவுரை சொல்லும் கூட்டங்களில் ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை. இந்தப் பிள்ளைகள் வேறு எங்கே சேர்ந்து இருக்க முடியும்? உட்கார இடம் இல்லாதவர்கள் ஓடுகிற வண்டியை இடமாக்கிக்கொண்டார்கள்.

ரூட்டு நட்புக்கு ஒரு குறையும் உண்டு. ஒரே ரூட்டில் வருபவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெருக்களிலிருந்து வருபவர்கள். வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று கேட்டதை பஸ் கேட்காமலே பிரித்து வைத்துவிடுகிறது. வகுப்பில் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன் எதிர்த் திசையில் பஸ் பிடிப்பவனாக இருந்தால், கடைசிவரை அவனோடு பழக்கம் "நோட்ஸ் இருக்கா மச்சி?" என்பதோடு நின்றுபோகலாம்.

சிலருக்கு இந்தப் பயணச் சல்லாபமும் கிடையாது. மணி அடித்ததும் கல்யாண மண்டபத்துக்கு ஓடுகிறார்கள், கேட்டரிங் வேலைக்கு. முகூர்த்த நாள் எது என்பது அனுபவமுள்ள பேராசிரியருக்குப் பஞ்சாங்கம் இல்லாமலே தெரியும், காலி பெஞ்சுகளை எண்ணினால் போதும். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், தலையில் வலைத்தொப்பி. கடைசிப் பந்தி எழுந்த பிறகு இவர்கள் இலை போட்டு உட்காரும்போது ரசம் ஆறியிருக்கும், அப்பளம் தீர்ந்திருக்கும். பக்கத்து இலையில் இருப்பவன் வேறு கல்லூரி, வேறு ரூட்டு. வெளியே பார்த்தால் முறைத்துக்கொள்ள வேண்டியவர்கள், அங்கே யாருக்கு எத்தனை அரியர் என்று விசாரித்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

பெண்களின் கணக்கு தனி. விடுதியில் இருப்பவளுக்கு வார்டனின் பூட்டு, வீட்டிலிருந்து வருபவளுக்கு வீட்டுக் கடிகாரம். 2015இல் தில்லி மாணவிகள் 'பிஞ்ஜ்ரா தோட்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது இப்படிப்பட்ட பூட்டுகளுக்கு எதிராகத்தான். இங்கே பெரும்பாலான பெண்கள் சத்தமில்லாத வழியை எடுத்தார்கள். "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும்மா." மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் ஒருத்தி மடியில் வைத்து ரெக்கார்டு நோட்டு எழுதுவாள், இன்னொருத்தி அவளுக்குத் தலை பின்னுவாள், வாங்கிய ஒரு முழம் மல்லிகை நாலு துண்டாகும். இறங்கும் ஸ்டேஷன் வந்தால் பாதிப் பேச்சில் எழுந்துவிட வேண்டும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை. ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு மிச்சம் என்றுதான் இதைக் கணக்குப் பார்க்கிறார்கள். கல்லூரிப் பெண்ணுக்குக் கிடைத்தது வேறொன்று. தன்னுடையதல்லாத ஸ்டாப்பில் அவள் இறங்கலாம். தோழியின் தெருமுனையில் அரைமணி நேரம் நின்று பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். முன்பெல்லாம் அந்த இரண்டாவது டிக்கெட்டுக்கு வீட்டில் காசு கேட்க வேண்டியிருந்தது; காசு கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. காசு வேண்டாம் என்றானபோது காரணமும் வேண்டாம் என்றானது.

காரணம் கேட்காத இடங்களில் மெரினா பெரியது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் நடைபாதை போட்டுப் பெயர் வைத்த அந்தக் கரைக்கு எதிரேதான் மாநிலக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் நிற்கின்றன. சாலையைத் தாண்டினால் மணல். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கக் கோரி ஒரு வாரம் அந்த மணல் நிரம்பியது. அந்தக் கோரிக்கை பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு, அது இங்கே வேண்டாம். நான் கவனித்தது வேறு. பெண்கள் இரவு முழுக்கக் கடற்கரையில் இருந்தார்கள். பலருக்கு அதுதான் முதல் தடவை. யார் வீட்டிலோ கட்டிய சோற்றுப் பொட்டலத்தை யாரோ பிரித்தார்கள். மாணவர்கள் குப்பை பொறுக்கினார்கள், போக்குவரத்தைச் சரி செய்தார்கள். 23ஆம் தேதி போலீஸ் கலைத்தது. அதன் பிறகு மெரினாவில் போராட்டத்துக்கு அனுமதி இல்லை. அங்கே இருந்தவர்களை இப்போது பேசவிட்டால் காளையைப் பற்றிக் கொஞ்சமும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களைப் பற்றி நிறையவும் சொல்கிறார்கள்.

மூன்று வருடம் கழித்து கொரோனா வந்து கதவுகளை மூடியது. வகுப்பு போனுக்குள் போனது. பரீட்சையை வீட்டிலேயே எழுதி ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். பாடம் நடந்தது, மதிப்பெண் வந்தது, பட்டமும் வந்தது. 1857இல் போட்ட திட்டம் எந்தக் கலப்பும் இல்லாமல் நிறைவேறியது அந்தக் காலத்தில்தான் என்று தோன்றுகிறது. அப்போது படித்தவர்களிடம் எதை இழந்தீர்கள் என்று கேட்டால் யாரும் வகுப்பைச் சொல்வதில்லை. "நோட்ஸ் எல்லாம் கரெக்டா வந்துச்சு சார். கூடப் படிச்சவன் நெட்டையா குட்டையான்னுதான் தெரியல" என்றான் ஒருவன்.

வகுப்பு முடிவதற்கும் வீடு போய்ச் சேர்வதற்கும் நடுவில் இருக்கிறதே ஒரு நேரம், பல்கலைக்கழகம் என்பதன் பெரும்பகுதி அதில்தான் இருந்திருக்கிறது. தன் தெருவைச் சேராத, தன் ரூட்டில் வராத ஒருவரோடு காரணமில்லாமல் நிற்கிற நேரம். நட்பை நாம் மனப்பொருத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். யாருக்கு எத்தனை மணிக்குக் கடைசி ரயில், யார் வீட்டில் கேள்வி வராது, யாருக்கு இன்று மண்டபத்தில் வேலை இல்லை என்பதெல்லாம் சேர்ந்து முதலில் நம்மை ஒரே இடத்தில் நிறுத்துகின்றன. பொருத்தம் அதற்குப் பிறகு பார்க்கிற விஷயம். கையில் காசு இருப்பவர் ஏ.சி. காபிக் கடையில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு அந்த நேரத்தை வாங்கிக்கொள்வார். மற்றவர்களுக்கு நகரம் சும்மா கொடுத்தால் உண்டு. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. டிபன் பாக்ஸோடு காலையில் வந்து நாள் முழுக்க அங்கே இருக்கிறவர்கள் ஏராளம். அவர்கள் படித்த படிப்பைவிட, மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்த கூட்டாளிகளைப் பற்றித்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஒரு அரசுக் கல்லூரி வளாகத்தை இரவு எட்டு மணிவரை திறந்து வைக்க என்ன செலவாகிவிடும்? கூடுதலாக இரண்டு காவலர் சம்பளம், கொஞ்சம் கரண்ட் பில், பூட்டாத கழிப்பறை. கழிப்பறையைக் கடைசியில் சொன்னாலும் கட்டுவதை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு பெண் எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்பதை வீட்டுக் கடிகாரத்துக்கும் முன்னால் அதுதான் முடிவு செய்கிறது. திறந்து வைத்தால் ரூட்டு தலைகளில் பாதிப் பேர் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள், கூடவே கானாவும் வரும். முதல்வருக்குத் தலைவலிதான். புகார்க் கடிதங்கள் வரும், யாராவது யாரையாவது காதலிப்பார்கள், பெஞ்சில் பெயர் செதுக்குவார்கள். அந்தப் புகார்களையெல்லாம் வாங்கி ஒரு கோப்பில் போட்டுவிட்டு விளக்கை அணைக்காமல் விடுகிற ஒரு முதல்வர் வேண்டும்.