விலையும் உரிமையும்

ஒரு பொருளுக்குரிய விலையை நேர்மையாகக் கொடுத்தவன் அதன் முழு உரிமையாளன் ஆகிவிடுகிறானா? சட்டத்தைக் கேட்டால், 'ஆம்' என்று உடனே விடை கூறும். அறத்தைக் கேட்டால், அது சற்றே தயங்கும். அத்தயக்கத்தின் காரணத்தை ஓர் இல்லத்தை முன்வைத்து ஆராய்வோம்.

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் ரெதிம்னோ என்னும் பழைய கடற்கரை நகர் உள்ளது. வெனிஸ் ஆட்சியில் எழுந்த கல் வீடுகள் அதன் குறுகிய தெருக்களில் நெருங்கி நிற்கின்றன. 1646ஆம் ஆண்டில் ஒட்டோமான் துருக்கியர் அந்நகரைக் கைப்பற்றினர். அவர்தம் காலத்தில், தெருவை நோக்கி நீண்டு நிற்கும் மர மாடங்கள் அவ்வீடுகளின் மேல்தளங்களில் அமைந்தன. புதிய வீடுகளும் எழுந்தன. அத்தகைய வீடொன்று இன்று விலைக்கு வருகிறதெனக் கொள்வோம். விற்பவரிடம் பத்திரம் உண்டு. வாங்குபவரிடம் பணம் உண்டு. இருவரிடமும் இசைவு உண்டு. இதில் ஆராய என்ன இருக்கிறது?

இருக்கிறது. 1923ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், கிரேக்கமும் துருக்கியும் லொசான் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. துருக்கியில் வாழ்ந்த மரபுவழிக் கிறித்தவர்கள் கிரேக்கத்திற்கும், கிரேக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாகக் குடிபெயர வேண்டும் என்பதே அதன் சாரம். இஸ்தான்புல் கிரேக்கர்க்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. போரினால் முன்பே ஓடிவந்தோரையும் சேர்த்து, ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவரும், மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம்களும் பிறந்த மண்ணை இழந்தனர். அவர்களைப் பிரித்த அளவுகோல் சமயம். கிரீட் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பேசியது கிரேக்க மொழியே. ஆயினும் தாய்மொழி அவர்களைக் காக்கவில்லை.

நாம் எண்ணிய இல்லத்தின் கதவை அன்று பூட்டிச் சென்ற குடும்பம், அதனை மனமுவந்து விற்றுச் செல்லவில்லை. இன்றைய பத்திரத்தில் எத்தனை கையெழுத்துகள் இருப்பினும், அக்குடும்பத்தின் இசைவு அதில் இல்லை. அறம் தயங்குவது இங்கேதான்.

அங்ஙனமாயின், அதில் பின்னர்க் குடியேறியவன் கள்வனா? அவ்வாறு சொல்ல நா எழவில்லை. அவனே சின்ன ஆசியாவில் தன் வீட்டை இழந்து, கைப்பையுடன் கரையேறிய அகதியாக இருந்திருக்கலாம். ஒருவன் இழப்பின்மீது மற்றொருவன் இழப்பு அடுக்கப்பட்டது. தலைமுறைகள் கடந்தபின் யாரிடமிருந்து பறித்து யாருக்குக் கொடுப்பது?

'வாங்காமலே விட்டுவிடுவது அறமன்றோ' எனச் சிலர் வினவலாம். துருக்கியின் தென்மேற்கே காயாக்கொய் என்னும் ஊர் அதற்கு விடை தருகிறது. கிரேக்கர் நீங்கிய அவ்வூரின் மலைச்சரிவில், நூற்றுக்கணக்கான கல் வீடுகள் கூரையிழந்து நிற்கின்றன. வெறுமை எவர்க்கும் நீதி வழங்கவில்லை, சுவர்களைத்தான் சிதைத்தது. ஆகவே வாங்குதல் குற்றமன்று, மறத்தலே குற்றம்.

தமிழில் 'அறங்காவலர்' என்றோர் அருமையான சொல் உண்டு. தமதல்லாத ஒன்றைத் தமதினும் மேலாகப் பேணுபவர் அவர். பழைய இல்லத்தை வாங்குவோர் தம்மை அவ்வாறே கருதுதல் வேண்டும். வாயிலில் பழங்கல்வெட்டு இருப்பின், அதனைச் செதுக்கி எறியலாகாது. முன்பு வாழ்ந்தவர் யாவர் எனத் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். என்றேனும் ஒருநாள், கடல் கடந்து வந்த பேரப்பிள்ளை வாயிலில் நின்று, 'என் பாட்டனார் பிறந்த வீட்டைப் பார்க்கலாமா?' எனக் கேட்டால், கதவைத் திறக்க வேண்டும். கிரேக்கத்தின் சட்டம் பண்பாட்டுச் சின்னங்களைக் காக்கிறது. சட்டம் கல்லைக் காக்கும்; கதவைத் திறக்கும் மனத்தை அது தர இயலாது. அதனைத் தருவது கல்வியின் கடமை.

விலை கொடுத்தவனுக்கு வீட்டின் சாவி கிடைக்கிறது. முன்னே வாழ்ந்தோரை நினைப்பவனுக்கே அவ்வீட்டில் வாழும் தகுதி கிடைக்கிறது.