பால்யத் துக்கமும் பழவினையும்

புற்றுநோயால் படுத்திருப்பவரைப் பார்த்து "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று பெருமூச்சு விடும் உறவினரும், செய்தவனே அனுபவிக்கிறான் என்று சாஸ்திரம் பேசும் பண்டிதரும், துக்கத்தின் காரணம் துக்கப்படுகிறவனிடமே உண்டு என்னும் ஒரே நியாயத்தைத்தான் நம்புகிறார்கள்.

1998-இல் அமெரிக்க வைத்தியர்களான வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் தம் சகாக்களோடு வெளியிட்ட ஆராய்ச்சி இந்த நியாயத்தை அசைத்துப் பார்க்கிறது. சான் டியேகோ நகரில் உடற்பரிசோதனை செய்துகொண்ட 9,508 பேரிடம், பால்யத்தில் வசையோ அடியோ பாலியல் கொடுமையோ பட்டதுண்டா, தாய் அடிபடக் கண்டதுண்டா, குடிக்கு அடிமையானவரோடோ சித்தம் கலங்கியவரோடோ சிறைசென்றவரோடோ ஒரு வீட்டில் வளர்ந்ததுண்டா என ஏழு வகையாக விசாரித்ததில், நான்கு வகையேனும் அனுபவித்தவரிடையே புற்றுநோய், ஒன்றும் அனுபவியாதவரைவிட ஏறத்தாழ இருமடங்காகத் தென்பட்டது; புகைப்பழக்கமும் இருமடங்குக்குச் சற்று மேலாகவே இருந்தது.

இதனால், பால்யத்தில் பட்ட அடி பிற்காலத்தில் நேரே கட்டியாகத் திரள்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம். பதினைந்து வயதில் பயத்தை அடக்கப் பற்றவைத்த சிகரெட், பயம் மறைந்த பிறகும் நாற்பது ஆண்டு கைவிடாமல் தொடர்ந்து நுரையீரலைக் கெடுப்பது போன்ற இடைக்காரணங்கள் உண்டு. அத்தனையும் பட்டு நோயின்றி வாழ்பவர் பலர். சீராட்டி வளர்க்கப்பட்டும் நோயுற்றவர் பலர். ஆகவே ஜனத்திரளைப் பற்றிய கணக்கைத் தனியொருவரின் தலையெழுத்தாகப் படித்தால், பழவினைக்குப் பதிலாகப் புதியதொரு விதியை வைத்து வணங்கியவர்களாவோம்.

பழவினையே எல்லாவற்றுக்கும் காரணம் என்பதைப் புத்தரும் ஏற்கவில்லை. ராஜகிருகத்து வேணுவனத்தில் சீவகன் என்னும் பரிவிராஜகன் (ஊர்சுற்றும் துறவி) அவரிடம், அனுபவிப்பதெல்லாம் முன்வினையே என்பாரைப் பற்றிக் கேட்டபோது, பித்தம், கபம், வாதம், அவற்றின் கூட்டு, பருவ மாற்றம், பேணாமை, தாக்குதல் என ஏழு காரணங்களைக் கூறி, வினைப்பயனை எட்டாவதாக வைத்தார் புத்தர். எல்லாவற்றையும் வினைமேல் ஏற்றுவோர், கண்கூடாக அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார்.

அடித்த கை ஒருவருடையது, அடிபட்ட உடம்பு இன்னொருவருடையது என்றிருக்கும்போது, குழந்தையின் கணக்கில் எழுத ஒரு வினையும் இல்லை. தாக்குதலைக் காரணங்களுள் ஒன்றாக ஏற்போமாயின், அதற்குப் பரிகாரம் செய்யவேண்டியவர் நோயாளியல்லர். குழந்தை வளரும் வீட்டில் கையோங்கும் பெரியவரும், அதைக் கண்டும் அடுத்த வீட்டு விவகாரம் என்று வாளாவிருக்கும் நாமுமே.