பொறுத்துக்கொண்ட பழுது

2005 ஆகஸ்ட் 1. பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய ஏர்லைன்ஸ் போயிங் 777, 38,000 அடியை நெருங்கும்போது திரையில் இரண்டு எச்சரிக்கைகள்: வேகம் போதாது, வேகம் மிக அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில். மூக்கு தானாக நிமிர்ந்து, விமானம் சுமார் 41,000 அடிவரை ஏறிவிட்டது. விமானி ஆட்டோபைலட்டைத் துண்டித்து, பெர்த்துக்கே திருப்பி இறக்கினார். யாருக்கும் காயமில்லை.

ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கையில் என்னை உறுத்துவது வேறொரு தேதி. வேகமாற்றத்தை அளக்கும் உணரிகளில் ஒன்று 2001 ஜூனிலேயே கெட்டுவிட்டது. மற்றவை இருந்ததால் கணினி அதை ஒதுக்கிவிட்டது. உடனே மாற்றத் தேவையில்லை, வடிவமைப்பே அப்படித்தான். நான்கு வருஷம் கழித்து இன்னொன்றும் கெட்டபோது, மென்பொருள் கோளாறால் கணினி அந்தப் பழைய உணரியையே மறுபடி நம்பியது.

இதில் யார் குற்றவாளி? யாரும் விதியை மீறவில்லை. விட்டுவைக்க அனுமதி இருந்தது, விட்டுவைத்தார்கள். அனுமதி இருந்தால் பொறுப்பு தீர்ந்துவிடுமா என்பதுதான் என் கேள்வி. தீராது என்றே நினைக்கிறேன். பழுதைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் அது அங்கே இருக்கிறது என்று ஒரு மனுஷனாவது ஞாபகம் வைத்திருக்கணும். விமானிகளுக்கு அந்த உணரியைப் பற்றித் தெரிய வழியே இல்லை.

ரவாங்கில் நான் வேலை பார்க்கும் ஆலையிலும் இதே பேச்சுதான். "ஸ்பேர் இருக்குல்ல தம்பி, அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம்." நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போன வாரம் பழைய ஷிப்ட் புத்தகத்தைப் புரட்டினேன். பைபாஸ் செய்தவை ஏழு. அவற்றில் மூன்று யார் சொல்லிச் செய்தது என்று இப்போது இருப்பவர்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒன்றில் என் கையெழுத்து.