மதிப்புரையும் ஒரு சாட்சியமே

மாட்டுத்தாவணி என்னும் பெயரைக் கேட்டவுடன் இன்றைய இளையோர்க்கு நினைவில் எழுவது, மதுரை மாநகரின் வடகிழக்கே மேலூர்ச் சாலையில் 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய பேருந்து நிலையமே. ஆனால், பேருந்துகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பெயர் வந்துவிட்டது. ஈண்டுத் தாவணி என்பது மகளிர் உடுத்தும் தாவணி அன்று. மாடுகளை வரிசையாகப் பிணைத்து வைக்கும் நீண்ட கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். மாடுகள் அவ்வாறு கட்டப்பட்டு விலை பேசப்பட்ட சந்தைக்கும் அதுவே பெயராகி நிலைத்தது.

மாட்டுச் சந்தையின் இயல்பை அறிந்தோர் ஒன்றை மறுக்க மாட்டார்கள். மாடு கொள்ள வருபவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், சற்றுத் தொலைவு நடக்கவிட்டும் பார்க்கிறான். இவ்வளவும் பார்த்தபின் அவன் கண்கள் திரும்புவது தரகரின் முகத்தை நோக்கித்தான். துண்டின் மறைவில் விரல் பற்றி விலை பேசும் அந்த மனிதர், 'நல்ல மாடு, துணிந்து பிடியுங்கள்' என்று சொல்லும் ஒரு சொல், பல் பார்த்ததையும் சுழி பார்த்ததையும் விஞ்சி நிற்கும்.

இன்று அதே மாட்டுத்தாவணியில் நள்ளிரவில் பேருந்தை விட்டு இறங்கும் வெளியூர்க் குடும்பம், எந்த உணவகத்தில் உண்பது, எந்த விடுதியில் தங்குவது என்பதைக் கைப்பேசியில் ஒளிரும் நட்சத்திரங்களைப் பார்த்து முடிவு செய்கிறது. தரகர் மறையவில்லை, முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டார். முன்பு ஒருவர் சொன்னதை இப்பொழுது முன்பின் அறியாத ஆயிரம் பேர் சொல்கிறார்கள். அச்சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு? அவ்வளவு வலிமையுள்ள சொல்லைச் சொல்பவன்மீது எவ்வளவு பொறுப்பு உண்டு? இவ்விரு வினாக்களையும் சற்று ஆராய்வோம்.

சொல்லின் வலிமை

மைக்கேல் லூகா என்னும் பொருளியல் அறிஞர் அமெரிக்க நாட்டின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். பொதுமக்கள் இடும் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடினால் கடையின் வருவாய் நூற்றுக்கு 5 முதல் 9 வரை கூடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதனினும் கருதத்தக்கது மற்றொன்று. நாடெங்கும் ஒரே பெயரில் கிளை பரப்பியுள்ள பெரிய உணவகங்களை இந்த நட்சத்திரம் அசைக்கவில்லை. தனியொருவர் நடத்தும் சிறிய கடைகளையே அது உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தது.

இதன் காரணத்தை அறியச் சியாட்டிலுக்குச் செல்ல வேண்டுவதில்லை. மாட்டுத்தாவணியில் பேருந்து நிலையமும் உண்டு, பூச்சந்தையும் உண்டு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை நாள்தோறும் அங்கே விலையாகிறது. பூ வாங்கும் வணிகர் எவரும் பிறர் எழுதிய மதிப்புரையைத் தேடுவதில்லை. மொட்டைக் கையில் அள்ளி எடுத்துப் பார்த்தவுடன் அதன் தரம் அவர்க்குத் தெரிந்துவிடுகிறது. விற்பவரும் வாங்குபவரும் நாளையும் சந்திக்க வேண்டியவர்கள் ஆதலால், இன்று ஏமாற்றியவர் நாளை விலைபோக மாட்டார். சில அடி தொலைவில் பேருந்து நிலையத்து வாசலில் நிலைமை வேறு. உண்பவர் மீண்டும் வருவாரா என்பது தெரியாது. உணவை முன்கூட்டிச் சுவைத்துப் பார்க்கவும் இயலாது. அறியாமையும் அவசரமும் கூடுமிடத்தில்தான் அந்நியரின் சொல் அரசோச்சுகிறது.

எனினும் அதன் ஆட்சிக்கும் எல்லை உண்டு. எலியாஷ்பெர்க், ஷூகன் என்னும் இருவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, திரைப்பட விமர்சகர்கள் மக்களின் விருப்பத்தை உருவாக்குவதைவிட முன்னறிந்து சொல்வதே மிகுதி என்று கருத இடம் தந்தது. படம் பார்ப்பது தகுமா தகாதா என்பது வேறு விவாதம். இங்கு அதனை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்கிறேன். 1978-இல் வெளியான 'அவள் அப்படித்தான்' முதலில் கவனிப்பாரற்றுக் கிடந்து, வங்க இயக்குநர் மிருணாள் சென் அதனைப் பாராட்டிப் பேசிய பிறகே மக்களை ஈர்த்தது என்பர். 2003-இல் வெளியான 'அன்பே சிவம்' அக்காலத்தில் வணிகத்தில் தோற்றது. அதைப் பற்றிய புகழுரைகள் பெருகியதோ பின்னாளில். சொல் சில வேளை உயிர் கொடுக்கிறது. சில வேளை காலங்கடந்து வந்து சேர்கிறது. ஆக, மதிப்புரை எல்லாம் வல்லதும் அன்று. ஏதும் செய்யாததும் அன்று. பெயர் பெற்றவனை அது பெரிதாகத் தொடாது. பெயர் பெறாத எளியவனின் அடுப்பை எரியச் செய்வதும் அவிப்பதும் அதன் கையில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் வணிகக் கணக்கு அறக்கணக்காக மாறுகிறது.

சந்தையின் அறம்

நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்வினாவுக்குப் புதியவை அல்ல. 'நஜ்ஷ்' என்றொரு செயலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். வாங்கும் எண்ணம் சிறிதுமின்றி, பிறரைத் தூண்டி இழுப்பதற்காகவே விலையை ஏற்றிக் கேட்பதற்கு நஜ்ஷ் என்று பெயர். பண்டத்தைப் பொய்யாகப் புகழ்ந்து பிறரை வாங்கச் செய்வதையும் அறிஞர்கள் அதனோடு சேர்த்தே கூறியுள்ளனர். அச்சொல்லின் வேர்ப்பொருள், பதுங்கியிருக்கும் வேட்டை விலங்கைக் கலைத்து ஓட்டுவது என்பதாகும். கூலிக்கு எழுதப்படும் மதிப்புரைக்கு இதனினும் பொருத்தமான பெயர் எம்மொழியிலும் கிடைப்பது அரிது.

மற்றொன்று 'முஸர்ராத்'. விற்பதற்கு முன் சில வேளை பால் கறவாமல் விட்டு, மடி பருத்துத் தோன்றச் செய்த பிராணிக்கு அப்பெயர். மாட்டுத் தாவணிகள் அறியாத தந்திரமா இது! அவ்வாறு ஏமாந்து வாங்கியவன் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்று நபிமொழி உரிமை வழங்குகிறது. ஓர் அறிவிப்பில் அதற்கு மூன்று நாள் தவணையும் கூறப்பட்டுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபினர் இதனை அவ்வாறே சட்டமாக ஏற்றனர். திருப்பித் தரும் உரிமையில் ஹனஃபீ அறிஞர்கள் வேறுபட்டனர். ஆயினும் அச்செயல் வஞ்சகம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர்.

இந்த மூன்று நாள் கணக்கு அண்மையில் வேறொரு வடிவில் நம் முன் வந்தது. 2024 நவம்பரில், 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களை யூடியூப் விமர்சனங்கள் பாதித்துவிட்டதாகத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் தரப்பு குறை கூறியது; திரையரங்க வளாகத்தில் இரசிகர்களிடம் கருத்துக் கேட்டுப் படம்பிடிப்பதைத் தடுக்குமாறும் வேண்டியது. டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கமொன்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடை செய்யுமாறு கோரியது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தின்பாற்பட்டது என்று சுட்டி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தயாரிப்பாளரின் வேதனையை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. பகைமையால் எழுதப்படும் விமர்சனமும், முழுதும் பாராமல் உரைக்கப்படும் தீர்ப்பும் கண்கூடாகவே உள்ளன. ஆனால், நபிமொழி மூன்று நாளை வாங்கியவனுக்குக் கொடுத்தது. இவர்களோ அதே மூன்று நாளை விற்பவனுக்குக் கேட்டனர். மடி பருத்த மாட்டை ஒருவன் வாங்கி ஏமாந்தபின், அடுத்தவனிடம் அதனைச் சொல்லாதே என்று அவன் வாயைக் கட்டுவது எந்தச் சந்தையின் நீதி? கெட்ட சாட்சி இருக்கிறான் என்பதற்காக எல்லாச் சாட்சிகளையும் ஊமையாக்க முடியாது. சாட்சிகளைத் தரம் பிரிப்பதே வழி.

சாட்சியைச் சோதித்த கல்வி

இவ்வழியில் நம் முன்னோர் வளர்த்த ஒரு கலை உண்டு. நபிமொழியை அறிவித்தோரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோட்டுக் குறை நிறை கூறும் 'ஜர்ஹு, தஃதீல்' என்னும் கல்வியே அது. பல்லாயிரம் மனிதர்களைப் பற்றிய மதிப்புரைகளின் களஞ்சியம் என்றே அதனைச் சொல்லலாம். அக்கல்வியின் நெறிகளுள் மூன்றை மட்டும் இங்குக் குறிப்பிடுவேன்.

முதலாவது, சொல்பவன் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும். 'மஜ்ஹூல்', அதாவது இன்னாரென அறியப்படாதவரின் அறிவிப்பு ஆதாரமாகக் கொள்ளப்படுவதில்லை. இரண்டாவது, குறை கூறுபவர் அதன் காரணத்தை விளக்க வேண்டும். விளக்கமற்ற பழியை அறிஞர் பலர் ஏற்பதில்லை. மூன்றாவது, ஒரே காலத்தில் வாழ்ந்து ஒருவரோடொருவர் போட்டியிட்டோர் கூறிய பழிச்சொல் அப்படியே கொள்ளத்தக்கதன்று. இம்மூன்றையும் கைப்பேசித் திரைக்குக் கொண்டு வந்து பாருங்கள். பெயரில்லாதவர் இட்ட ஒற்றை நட்சத்திரம், காரணம் கூறாத வசை, எதிர்க்கடைக்காரரின் குற்றச்சாட்டு ஆகிய மூன்றும் அங்கேயே உதிர்ந்துவிடும்.

உறவினருக்காக அக்கலை வளைந்து கொடுக்கவுமில்லை. இமாம் புகாரியின் ஆசிரியருள் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ அவர்களிடம் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, மார்க்கத்தின் விஷயம் இது என்று கூறி, தந்தை பலவீனமானவர் என்றே தெரிவித்ததாக வரலாறு பேசுகிறது. பெற்ற தந்தையை மதியாத சொல்லன்று அது. தம் சொல்லை நம்பி நிற்கும் முகமறியாத மக்களை மதித்த சொல்.

நம் வீட்டு வாசலில்

நிற்க. இதுவரை கூலிக்கு எழுதுவோரையும் பகைக்கு எழுதுவோரையும் பேசினோம். நம்மில் பெரும்பாலோர் அவ்விரு கூட்டத்திலும் சேர்ந்தவரல்லர். நமக்கு வரும் சோதனை மென்மையானது. அன்பின் உடையில் வருவது. மாமா மகன் புதிதாகக் கடை திறக்கிறார். குடும்பத்தார் அனைவரும் ஐந்து நட்சத்திரம் இட்டு உதவுங்கள் என்று செய்தி வருகிறது. அவ்வூருக்கே செல்லாதவர்கள், அக்கடையின் தேநீரைக்கூட அருந்தாதவர்கள், 'அருமையான சுவை, கனிவான உபசரிப்பு' என்று எழுதி அனுப்புகிறார்கள். இதில் யாருக்கு என்ன கேடு, ஒரு பிள்ளை பிழைத்துப் போகட்டுமே என்பது நம் எண்ணம்.

கேடு உண்டு. முச்னிக், ஆரல், டெய்லர் என்னும் மூவர் 2013-இல் வெளியிட்ட சோதனையொன்று இதனைத் தெளிவாக்கியது. ஒரு செய்தித் தளத்தில் மக்கள் எழுதிய கருத்துகளுள் சிலவற்றுக்கு மட்டும், தகுதி பாராமல், முதலில் ஒரு செயற்கைப் பாராட்டு வழங்கப்பட்டது. அவற்றின் இறுதி மதிப்பெண் ஏனையவற்றைவிடச் சராசரியாக நூற்றுக்கு 25 பங்கு உயர்ந்தது. செயற்கையாக இடப்பட்ட இகழ்ச்சியையோ பின்வந்தோர் திருத்திவிட்டனர். பொய்ப்பழியை உலகம் ஓரளவு சரிசெய்துகொள்கிறது. பொய்ப்புகழை அது பின்பற்றி வளர்க்கிறது. நாம் விளையாட்டாக இடும் முதல் ஐந்து நட்சத்திரங்கள், அடுத்த தெருவில் பொய் சொல்ல உறவினர் எவருமில்லாத ஒரு கைம்பெண்ணின் இட்லிக் கடையைப் பின்னுக்குத் தள்ளக்கூடும். நள்ளிரவில் பசியோடு இறங்கும் குடும்பத்தைத் தவறான வாசலுக்கு அனுப்பவும் கூடும். தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் சாட்சியத்தில் நீதியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் கட்டளையிடுவதை நாம் நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிட்டோம்.

அப்படியாயின், கெட்டதைக் கண்டால் எழுதலாமா? அது புறம் பேசுவதாகாதா? ஒருவருடைய பிழைப்பில் கைவைப்பதாகாதா? பயபக்தியுள்ளோர் பலரைத் தயங்க வைக்கும் வினா இது. இமாம் நவவீ அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில், புறங்கூறல் அனுமதிக்கப்படும் ஆறு நிலைகளைத் தொகுத்துள்ளார்கள். மக்களை எச்சரிப்பதும், ஆலோசனை கேட்டவனுக்கு உண்மையுரைப்பதும் அவற்றில் அடங்கும். மணம் பேச வந்த இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் அவர்கள் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் செல்வமில்லாதவர் என்றும் மற்றவர் கைத்தடியைக் கீழே வையாதவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைக்காமல் தெரிவித்தார்கள். கேட்டவரின் தேவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அங்குப் பேசப்பட்டது. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

இவ்வளவே நமக்கு அளவுகோல். கறி கெட்டிருந்தால் முதலில் கடைக்காரரிடம் சொல்லலாம். ஒருநாள் பிழையாயின் அதோடு அமைந்துவிடலாம். திருந்தாதபோது, தான் கண்டதை, கண்ட நாளையும் சொல்லி எழுதலாம். அவர் குலத்தையும் ஊரையும் இழுக்க வேண்டியதில்லை. நல்லது கண்டால் அதையும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம். சினம் வந்தபோது மட்டும் எழுதுபவனின் துலாக்கோல் ஒருபுறமே சாய்ந்திருக்கும். குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து மிகுந்ததைக் கொள்ளுமாறு 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் வள்ளுவரும் வழி காட்டுகிறார்.

சட்டமும் இப்பக்கம் திரும்பத் தொடங்கியுள்ளது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணையவழி நுகர்வோர் மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரநெறியை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை அது விலக்குகிறது. ஆயினும் அது விரும்பி ஏற்போருக்கான நெறியாகவே அறிமுகமாயிற்று. மாமா மகனுக்காக நாம் இடும் நட்சத்திரத்தைப் பிடிக்கும் வலை எந்த அமைவனத்திடமும் இல்லை.

அந்த வலை வீட்டில்தான் பின்னப்பட வேண்டும். 'உண்ணாத சோற்றுக்குச் சாட்சி சொல்லாதே' என்று ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். உறவினர் கேட்டால், 'கடைக்கு வந்து உண்டுவிட்டு எழுதுகிறேன்' என்று கூறலாம். குறை இருந்தால் அவர் காதில் சொல்லித் திருத்தலாம். பொய்யான ஐந்து நட்சத்திரங்களைவிட அவருக்கு அதுவே மெய்யான உதவி. வாங்கச் செல்லும்போதும் எண்ணிக்கையைப் பாராமல் காரணத்தைப் பார்ப்போம். செய்தி கொண்டு வருபவனை விசாரித்துத் தெளியுமாறு ஹுஜுராத் அத்தியாயம் பணித்ததை மறவாதிருப்போம். விரல் நுனியால் இடும் குறிதானே என்று எளிதாக எண்ணற்க. அந்த விரலும் நாளை பேச வைக்கப்படும் உறுப்புகளுள் ஒன்று.