மஞ்சள் புள்ளியும் பிறர்சிநேகமும்



அலுவலகங்களில் வழங்கும் 'மைக்ரோசாப்ட் டீம்ஸ்' என்னும் செயலியில் ஒவ்வொருவர் பெயரருகிலும் ஒரு சிறு புள்ளி உண்டு. நாட்காட்டியில் கூட்டம் குறித்திருந்தால் அது தானே சிவக்கும். கணினி சற்று நேரம் தொடப்படாதிருந்தால் மஞ்சளாகும். அயலானின் வேளையறிந்து பேச இது உதவுமாயின் நல்லதே. கூட்டத்திலிருப்பவனைத் தொந்தரவு செய்யாதிருப்பதும் பிறர்சிநேகமன்றோ?

ஆனால் மஞ்சளைக் கண்டதும் "வேலைக்கள்ளன்" என்று தீர்ப்பிடுவது நியாயமா? கை ஓய்ந்ததை இயந்திரம் அறியும். ஏன் ஓய்ந்ததென்று அறியாது. அவன் காகிதத்தில் கணக்குப் பார்த்திருக்கலாம். அழும் தோழனைத் தேற்றியிருக்கலாம். பச்சையாயிருப்பவளோ நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்துப் பதில் எழுதுகிறவளாயிருக்கலாம்.

சந்தேகம் பொய்யைப் பிறப்பிக்கிறது. ஆளில்லாதபோதும் மவுஸை அசைத்துப் பச்சை காட்டும் கருவிகள் இன்று விற்பனையாகின்றன. அப்படி ஏய்ப்பதும் பாவமே. ஏய்க்கத் தூண்டும் கடின மனமும் குற்றமற்றதன்று.

அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார் 1609-ல் வெளியிட்ட பக்தி நூலில் அவசரத் தீர்ப்பைக் கண்டித்து ஓர் அதிகாரமே எழுதினார். ஆகையால் மேலதிகாரிகளே, புள்ளியைப் பார்த்துத் தீர்ப்பிடுமுன் மனிதனை அன்போடு விசாரியுங்கள். உள்ளத்தைக் காண்பவர் சர்வேசுரன் ஒருவரே.