கண்டறிந்தபின் நம் கடன்

இறைச்சிக்கென வளர்க்கப்படும் கோழியைப் பற்றி, புலால் மறுத்த நாம் சிந்திக்க வேண்டுமா எனச் சிலர் வினவலாம். உண்ணாமையோடு அறம் நிறைவுறுவதில்லை என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

பிராய்லர் கோழி ஏறத்தாழ ஆறு வாரங்களில் 2 கிலோவுக்கு மேல் எடை பெறுமாறு தேர்ந்து உருவாக்கப்பட்ட இனம். உடல் விரைந்து பெருக, கால்கள் தாங்காமல் தளர்கின்றன. 1992இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள், குறையற்ற நடைக்கு 0 என்றும் எழவே இயலாத நிலைக்கு 5 என்றும் தரம் வகுத்து ஆராய்ந்தனர். 100க்கு 90 கோழிகளின் நடையில் ஏதேனும் ஒரு குறை காணப்பட்டது. 2000இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், நொண்டும் கோழிகள் வலிநீக்கி கலந்த தீவனத்தை நலமுள்ளவற்றைவிட மிகுதியாகத் தேர்ந்து உண்டன. வாயில்லா உயிர் தன் வலியை இதனினும் தெளிவாக எங்ஙனம் உரைக்கும்?

இந்நாளில் கொட்டகையின் கூரையில் பொருத்திய கேமராக்கள், கணினியின் துணையால் கோழிக் கூட்டத்தின் அசைவை இடையறாது அளக்கின்றன. வழக்கமான அசைவு மாறுபடின், நோயோ கால் தளர்ச்சியோ நேர்ந்திருக்கலாம் என வளர்ப்போர் முன்னரே உணர்வர். அதனால் துன்பம் குறையுமாயின் நாம் அதனை இகழ வேண்டா. ஆயினும் எடை குறையாதிருக்கக் காண்பது வாணிகம். வலி குறையக் காண்பதே இரக்கம். கொலையில் முடியும் அக்காவலை அகிம்சை என அழைத்தல் தகாது.

யசோதர காவியத்தை நம் இல்லங்கள் அறியும். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட மன்னனும் அவன் தாயும் விலங்காயும் பறவையாயும் பிறந்து உழன்றனர். கொல்லும் எண்ணம் ஒன்றே அவ்வளவு வினையை விளைத்ததெனில், உயிருள்ள கோழியின் வலியை அளந்தறிந்தும் வாளாவிருப்பது வினையன்றோ?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும் என்பது நம் ஆன்றோர் கோட்பாடு. நம் நிலத்தைக் கோழிக் கொட்டகைக்குக் குத்தகை விடும்போதும், அத்தொழிலில் பங்கு வாங்கும்போதும், நம் பிள்ளைகள் அக்கருவிகளுக்குக் கணினி நிரல் எழுதும்போதும், இம்மூன்றனுள் எதில் நிற்கிறோம் என ஆராய்தல் வேண்டும். முன்னோர் அறியாமையைக் காரணம் காட்டியிருக்கலாம். அளவையும் எண்ணும் கையிலிருக்கும் நமக்கு அக்காரணம் இல்லை. இன்று மாலை பிரதிக்கிரமணத்தில் அமரும்போது, இவ்வினாவையும் நம் நெஞ்சின்முன் வைப்போமாக.