பாயிரமும் பறையும்: ஈந்ததை அறிவித்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஈகையைப் போற்றாத அறநூல் உலகில் இல்லை எனலாம். ஆயின், ஈந்ததை ஈந்தவனே எடுத்துரைத்தல் முறையாகுமா என்ற வினா எழும்போது அறநெறியாளர் பலரும் முகஞ்சுளிப்பர். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பது எம்மவர் நாவிலும் பழகிப்போன வழக்கு. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, ஏனையவெல்லாம் கைம்மாறு கருதிய கொடுக்கல் வாங்கல் என்று வள்ளுவர் வகுத்ததும் இக்கருத்துக்கு அரண் செய்வதாகவே தோன்றும். புகழும் ஒருவகைக் கைம்மாறுதானே? எனவே அறிவித்துக் கொடுப்பவன் புகழை விலையாகப் பெறுகின்றான் என வாதிடுதல் எளிது. எனினும், ஈகை என்னும் அதிகாரத்தை அடுத்தே புகழ் என்னும் அதிகாரத்தை அவர் வைத்தமை ஈண்டு நோக்கற்பாலது. ஈகைக்கும் அது வெளிப்படுதலுக்கும் இடையிலான உறவு, ஒரே சொல்லில் ஏற்கவோ மறுக்கவோ கூடிய ஒன்றன்று.

இவ்வினாவைப் பழைய எடுத்துக்காட்டுகளைக் கொண்டு மட்டும் ஆராய்வதிலும், எம் காலத்துக்குரிய ஒரு களத்தில் வைத்து ஆராய்தல் பயன் தரும். திறந்த மூல மென்பொருள் உலகமே அக்களம். கணினியை இயக்கும் நிரலின் மூலத்தை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படுவதே திறந்த மூல மென்பொருள். அத்தகைய பெரிய மென்பொருள் ஒன்றோடு இணைந்து அதற்குப் புதியதொரு தொழிலைச் சேர்க்கும் சிறு நிரலைத் துணைநிரல் என்பர். பயர்பொக்ஸ் உலாவியினுள்ளேயே தமிழில் எழுதுவதற்கென ஆர்வலர் ஆக்கி வழங்கிய ‘தமிழ்விசை’ இதற்குத் தக்க சான்று. துணைநிரல் தனித்து இயங்காது. மரத்தைப் பற்றிப் படரும் மிளகுக்கொடி போல்வது அது.

இவ்வுலகில் ஈகையும் அறிவித்தலும் பிரிக்க முடியாதவை. அன்னசாலையில் அறிவிப்பின்றியும் பசித்தவன் உண்பான். சோற்றின் மணமே அவனை அழைக்கும். நிரலுக்கோ மணமில்லை. ஒருவர் தம் அறையிலிருந்து எழுதிய துணைநிரலை எவர்க்கும் சொல்லாது வைத்திருப்பாராயின், அஃது ஈயப்பட்டதாகாது. ஆதலின் இங்கு அடக்கமே ஈகைக்குத் தடையாகிவிடக் காண்கின்றோம். அறிவிக்கலாமா என்ற வினா இக்களத்தில் பொருளற்றது. எவ்வாறு அறிவித்தல் அறமாகும், அறிவித்தவர் எக்கடமைக்கு ஆளாகின்றார் என்பனவே நாம் கேட்க வேண்டியவை.

தற்புகழ்ச்சி பற்றிய ஐயத்தை முதலில் நீக்கிக்கொள்வோம். 13ஆம் நூற்றாண்டளவில் நன்னூல் யாத்த பவணந்தி முனிவர், எத்துணைச் சிறந்த நூலைச் செய்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என விதித்தார். அதனாலேயே சிறப்புப் பாயிரத்தைப் பிறர் செய்தல் மரபாயிற்று. ஆனால் அவரே அவ்விதிக்கு விலக்கும் வகுத்தார். மன்னனது அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையிலே வாதிட்டு வெல்ல வேண்டிய போதும், எதிர்தரப்பார் தம்மைப் பழித்தபோதும் புலவர் தம்மைப் புகழ்ந்துரைத்தல் தகும் என்றார். இவற்றுள் இரண்டாவதனைக் கூர்ந்து நோக்குக. அறியாதார் நடுவே தம் ஆற்றலைக் கூறுதல் செருக்கன்று. கேட்போருக்கு வேண்டிய செய்தி அது. புதிய துணைநிரலை ஆக்கியவர் எப்பொழுதும் அறியாதாரிடையேதான் நிற்கின்றார். ஆகவே அவரது அறிவிப்பு நன்னூலார் வகுத்த விலக்கினுள் அடங்கும்.

தம்மை எந்த அளவிற்குக் கூறலாம் என்பதற்கும் அப்பழைய நூலே அளவுகோல் தருகின்றது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டும் என்பது விதி. இவ்வெட்டையும் ஒரு துணைநிரலின் அறிவிப்போடு பொருத்திப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். ஆக்கியோன் பெயர், பிழை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதைச் சொல்கின்றது. வழி, இது யாருடைய முன்னைய ஆக்கத்தினின்று பிறந்தது என்ற நன்றியுரை. எல்லை, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்புவரை இது இயங்கும் என்ற வரையறை. இந்நூலைக் கற்குமுன் எந்நூலைக் கற்றிருத்தல் வேண்டும் என்ற இயைபே யாப்பு என்று கொள்வாருமுளர். இதை நிறுவுமுன் எதை நிறுவ வேண்டும் என்று இன்றைய நிரலாளர் கூறுவதும் அதுவே. எஞ்சியவை சொல்லாமலே விளங்கும். இவ்வெட்டில் ஒன்றேனும் ஆக்கியோனைப் புகழச் சொல்லவில்லை என்பதே கருதத்தக்கது. எட்டும் கேட்போர்க்கு வேண்டிய செய்திகள். அறிவிப்பு கேட்போனை நோக்கியிருப்பின் அது பாயிரம். கூறுவோனை நோக்கித் திரும்பின் அது விளம்பரம்.

1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் விடுத்த அறிவிப்பு இதற்கு உலகறிந்த சான்று. தாம் ஓர் இயங்குதளம் எழுதுவதாகவும், அது வெறும் பொழுதுபோக்கே என்றும், மினிக்ஸ் என்னும் முன்னைய தளத்தை ஓரளவு ஒத்ததென்றும், அதனைப் பிற வகைக் கணினிகளுக்குப் பெயர்க்க இயலாது என்றும் கூறி, பயனர் வேண்டுவன யாவை என வினவினார். வழியும் எல்லையும் கேட்போரும் அச்சிறு மடலில் அமைந்திருந்தன. லினக்ஸ் என இன்று உலகெங்கும் இயங்குவது, தன் குறைகளை முற்படக் கூறிக்கொண்ட அவ்வறிவிப்பிலிருந்து கிளைத்ததே.

இனி, இவ்வறிவிப்புக்கு ஏன் இத்துணை அறக்கனம் உண்டு என்பதை ஆராய்வோம். இதனை எழுதும் யான் பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன். அங்கு ஒரு குடும்பம் பெருகும்போது, காம்பராவின் முன்னோ பின்னோ தகரக்கூரை இறக்கி ஒரு சமையற்கட்டைச் சேர்த்துக் கட்டுவர். அதுவும் ஒரு துணைநிரலே. இருக்கும் கட்டடத்தைப் பற்றிக்கொண்டு எழும் சேர்க்கை. ஆனால் நிலமும் சுவரும் கட்டுவோருடையவையல்ல. எனவே அனுமதி முன்னே வரவேண்டும். அனுமதியின்றி எழுந்தது எந்நேரமும் இடிக்கப்படலாம். திறந்த மூல உலகிலோ அனுமதி உரிமத்திலேயே அனைவர்க்கும் முன்கூட்டி வழங்கப்பட்டுவிட்டது. எவரும் எதையும் சேர்த்துக் கட்டலாம். அங்ஙனமாயின் அங்கு ஒழுங்கு எங்ஙனம் நிலவும்? தவறான சேர்க்கை அடித்தளத்தையே ஆட்டிவிடாதா?

அனுமதி நின்ற இடத்தில் அறிவிப்பு நிற்கின்றது என்பதே யான் காணும் விடை. அனுமதி, செயலுக்கு முன் ஒருவனிடம் கேட்பது; அறிவிப்பு, செய்தபின் அனைவர் முன்னும் வைப்பது. முன்னையது அதிகாரத்துக்கு அடங்குதல்; பின்னையது சமமானோர்க்குக் கணக்குக் காட்டுதல். அறிஞர் கான்ட் 1795ஆம் ஆண்டில் எழுதிய நிலையான சமாதானம் பற்றிய கட்டுரையில், பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளிப்படையாகக் கூற இயலாதாயின் அச்செயல் நீதியற்றது என்றார். தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என அதன் பாயிரம் கூறுவதன் உட்பொருளும் இதுவே. அரங்கேற்றம் என்பது ஆடம்பரமன்று. ஐயம் எழுப்புவோர் எழுப்புக என நூலைத் திறந்து வைத்தல். சுதந்திரமாகச் செய்யும் உரிமை பெற்றவர்க்கு, செய்ததைச் சோதனைக்கு வைக்கும் கடமையும் உடன்வருகின்றது.

வைத்தல் மட்டும் போதுமா, சென்றடைதலும் வேண்டுமா? பறை என்னும் சொல் தமிழில் இசைக்கருவியையும் குறிக்கும், சொல்லுதலையும் குறிக்கும். மலையகத் தோட்டங்களிலே வைகறையில் ஒலித்த தப்பு, தொழிலாளரைப் பெரட்டுக்களத்திற்கு அழைத்தது. அவ்வொலி எந்த லயத்தையும் தப்பவிட்டதில்லை. வேலை வாங்குவதற்கான அறிவிப்பு ஒருபோதும் சேராமற் போகவில்லை. உயிர் காப்பதற்கான அறிவிப்போ சேராமற் போனதுண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, எமது பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே இனங்காணப்பட்டிருந்தது. அறிந்தோர் அறிந்திருந்தனர், ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். செல்வதற்கு வேறிடம் அமையாத எச்சரிக்கை, காகிதத்தில் நிறைவுற்று வாழ்வில் நிறைவுறாத அறிவிப்பாகும்.

இதனோடு ஒட்டி நோக்கத்தக்க திறந்த மூல முயற்சியொன்று எம் நாட்டிலேயே பிறந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது, இலங்கையின் மென்பொருள் வல்லுநர் பலர் தாமாக ஒன்றுகூடி ‘சஹானா’ என்ற மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, தேவைகளின் பதிவு எனத் தனித்தனிக் கூறுகளாக அது அமைந்தது. பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நலன் விருதை அதற்கு அளித்தது. எம் கடற்கரைத் துயரிலிருந்து விளைந்த கொடை, வேற்றுநாட்டு மலைச்சரிவில் புதையுண்டோரின் உறவினர்க்கும் உதவிற்று. மூலம் மறைக்கப்பட்டிருப்பின் இது நிகழ்ந்திராது.

கேட்போர் என்ற பாயிரக் கூற்றினை இங்கு மீண்டும் நினைவுகூர வேண்டும். புதிய துணைநிரல்களின் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே விடுக்கப்படுகின்றன. நமுனுகுலை மலைச்சாரலில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மாணவிக்கு உரிமத்தால் எல்லா உரிமையும் உண்டு, மொழியால் ஒன்றுமில்லை. அனைவர்க்கும் திறந்த கதவு என்று சொல்லிவிட்டு, கதவிருக்கும் திசையைச் சிலர்க்கே காட்டுதல் அரைகுறை ஈகை. ஆக்கியோர் ஒவ்வொருவரும் எல்லா மொழியிலும் எழுத வேண்டுமென யான் கூறவில்லை. அஃது இயலாத காரியம். ஆயின் தமிழறிந்த பயனர், பெற்ற ஒன்றின் பாயிரத்தையேனும் தமிழில் தருவாராயின், அவரும் அவ்வீகையில் பங்காளராவர்.

அறிவித்தவர் காலமெல்லாம் அதற்குக் கட்டுண்டவரா என்ற தடை இனி எழும். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பதினொரு வரி கொண்ட ‘லெப்ட்-பேட்’ என்னும் சிறு நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து அகற்றினார். அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற ஆக்கங்கள் திடீரென முடங்கின. அவர் செய்தது உரிமை மீறலன்று. ஆனால் பிறர் தம்மீது கட்டியிருந்த சுவர்களை அறிவிப்பின்றி ஆட்டியமை கேள்விக்குரியது. மாறாக, 2017ஆம் ஆண்டு நவம்பரில் பயர்பொக்ஸின் 57ஆம் பதிப்போடு பழைய அமைப்பில் எழுதப்பட்ட துணைநிரல்கள் இயங்காதொழிந்தன. அம்மாற்றம் 2015இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. இழப்பு இரண்டிலும் உண்டு. முன்னறிவிப்பால் பின்னையதன் அறநிலை வேறுபடுகின்றது. ஈந்தவர் என்றும் உழைக்கக் கடமைப்பட்டவரல்லர். விலகுங்கால் சொல்லி விலகக் கடமைப்பட்டவர்.

பெறுவோர்க்கும் அறமுண்டு. 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆந் திகதி வெளிப்பட்ட ‘எக்ஸ்-இசட்’ நிகழ்ச்சி இதனைக் கசப்போடு உணர்த்திற்று. பலகாலம் தனியொருவராகப் பராமரித்துக் களைத்திருந்த ஒருவரை, ஏன் இன்னும் புதிய பதிப்பு வரவில்லை என்று சிலர் நெருக்கினர். உதவ வந்தவர்போல் ஈராண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கை வளர்த்த மற்றொருவர், இறுதியில் முறையாக அறிவிக்கப்பட்ட பதிப்பினுள்ளேயே கள்ளவாயில் ஒன்றை மறைத்து வைத்தார். கணினியினுள் நுழைகையில் அரை விநாடி தாமதம் ஏன் நேர்கின்றது எனப் பொறுமையோடு ஆராய்ந்த அந்திரெஸ் பிரொயின்ட் என்னும் பொறியியலாளரே அதனைக் கண்டுபிடித்தார். பாயிரம் பொய்யாகவும் இருக்கலாம். ஆதலின் மூலத்தைப் படிக்கும் அவையும் வேண்டும். இலவசமாகப் பெற்றதை அதட்டிக் கேட்பது பெறுவோரது முதற் பிழை. பெற்றதை ஒருபோதும் சோதியாமை இரண்டாவது பிழை.

தொகுத்து நோக்குமிடத்து, ஈந்ததை அறிவித்தல் புகழாசையின் வெளிப்பாடாக இருக்க வேண்டும் என்ற நியதியில்லை. வழியைக் கூறுவது நன்றி. எல்லையைக் கூறுவது வாய்மை. கேட்போரை நினைப்பது அருள். அவை முன் வைப்பது நீதி. விலகுங்கால் சொல்லுதல் பொறுப்பு. இவ்வைந்தும் கூடிய அறிவிப்பு ஈகையின் புறத்தே ஒட்டிய அலங்காரமன்று; ஈகையின் இறுதிக் கூறே அதுதான். அனுமதி கேட்டுக் கேட்டே தலைமுறைகளைக் கழித்த ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு, கேளாமல் செய்து, செய்ததை நிமிர்ந்து நின்று சொல்லும் இவ்வொழுக்கம் புதியதோர் உரிமையாகும். வேலைக்கு அழைத்த பறையொலியைக் கேட்டே வளர்ந்த மலைகளிலிருந்து, ஆக்கியதை அறிவிக்கும் பறையொலியும் எழுதல் வேண்டும்.